ஆரைக் கேட்டு வந்தனான்?

இலண்டனில் வெயில் எட்டிப் பார்த்தால் வெள்ளைக்காரர் கடற்கரைக்குப் போவார்கள். நம்மவர் ஹோலுக்குப் போவார்கள். கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று கோடை முழுக்க ஒரு சனிக்கிழமை மிஞ்சாது. இல்ஃபோர்ட் வசந்தமலருக்கோ அந்த ஹோலும் முழுதாகக் கிடைத்ததில்லை, பின்பக்கத்துக் குசினி மட்டும்தான். புருஷன் காலமானதிலிருந்து அவள் பலகாரம் சுடுவாள். மேடைக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். வராதே என்று ஒருவரும் வாய் திறந்து சொன்னதும் இல்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் தம்பி இராஜேந்திரன் வந்தான். பெரியபிள்ளையாகிவிட்ட மகள் தக்ஷிகாவுக்கு ஆகஸ்டில் சாமத்தியவீடு.

“அக்கா, பலகாரம் உங்கடை பொறுப்பு.”

“சுடலாம். ஆலாத்தி ஆர் எடுக்கிறது?”

தட்டை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிள்ளைக்குச் சுற்றவேண்டும். முதல் உரிமை மாமிக்கு, அதாவது தகப்பனின் அக்காவான அவளுக்கு. ஆனால் சுமங்கலிகள்தான் பிடிக்கலாமாம். இராஜேந்திரன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடினான்.

“சனம் கதைக்கும் அக்கா.”

“அப்ப பலகாரத்தையும் சனமே சுடட்டும். நான் ஊர் சுத்தப் போறன்.”

“ஆற்றை வீட்டை?”

நியாயமான கேள்விதான். பாரிஸுக்குப் போனாலும் சித்தப்பா வீட்டுச் சோபாவில் இருந்து சோறு தின்றுவிட்டு, லா சப்பல் தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்புகிற ஆட்கள் நாங்கள்.

“ஒருத்தற்றை வீட்டையும் இல்லை,” என்றாள் வசந்தமலர்.

ஹவுன்ஸ்லோக் கிளறிற்றா அவளுடைய பழைய சிநேகிதி, ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவள், அவளும் புருஷனை இழந்தவள். இருவரும் ரயிலேறினார்கள். ஒரே ஒரு விதி: சொந்தக்காரர் இருக்கிற ஊரில் இறங்குவதில்லை. அந்த விதியால் பாதி ஐரோப்பா அடிபட்டுப் போனது. சுவிஸில் ரயில் நின்ற இடமெல்லாம் ஒரு மச்சாள் குடியிருந்தாள். தப்பித்தோம் பிழைத்தோம் என்று போய், அட்ரியாட்டிக் கடற்கரையில், பெயர் வாயில் நுழையாத ஊரொன்றில் இறங்கினார்கள். யாருக்கும் தேத்தண்ணி ஊற்றாமல் பொழுது விடிந்தது. காலைச் சாப்பாட்டுக்கு ஐஸ்கிரீம் தின்றார்கள். கழுத்தளவு கடலில் நின்று வசந்தமலர் காரணமே இல்லாமல் சிரித்தாள். இவ்வளவு சந்தோஷத்தை இத்தனை காலம் எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஒருநாள் தம்பி போன் எடுத்தான். “கடைப் பலகாரம் வைச்சா மரியாதையில்லை, அக்கா. வந்திடுங்கோ.”

“மேடை?”

“அதைப் பிறகு பாப்பம்.”

“அப்ப பலகாரத்தையும் பிறகு பாப்பம்.”

போனை வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு கிளறிற்றாவிடம் திரும்பினாள். “இவ்வளவு தூரம் நான் ஆரைக் கேட்டு வந்தனான்? அந்த மேடையிலை ஏற மட்டும் ஏன் கேக்கோணும்?”

சாமத்தியவீட்டன்று ரயிலால் இறங்கிய கையோடு, முதுகுப்பையும் கால்சட்டையுமாக இருவரும் ஹோலுக்குள் நுழைந்தார்கள். வசந்தமலர் குசினிப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே மேடையேறி ஆலாத்தித் தட்டைத் தூக்கினாள்.

“கிளறிற்றா, மற்றப் பக்கம் பிடியும்.”

“நான் வேதக்காரி எல்லே?”

“கை இருக்குத்தானே, பிடியும்!”

வீடியோக்காரர் எடுப்பதா விடுவதா என்று முழித்தார். இராஜேந்திரன் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான்.

“அக்கா, இறங்குங்கோ. எல்லாரும் பாக்கினம்.”

“பாக்கட்டும். நீ வீடியோவை நிப்பாட்டாதை.”

நகைச் சுமையோடு நின்ற தக்ஷிகா மெல்ல நிமிர்ந்தாள். “மாமி, நல்லாக் கறுத்திட்டியள்!”

“ஓம் பிள்ளை, கடல் வெயில்.”

இரண்டு பேரும் தட்டை ஆற அமரச் சுற்றினார்கள். வசந்தமலர் குங்குமத்தைத் தொட்டுப் பிள்ளையின் நெற்றியில் வைத்தாள். விரலில் மிச்சம் இருந்தது. அதைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

“இனி இறங்கிறன்,” என்றாள்.