மர்கரீத்துக்கு ஒரு பொன்னாடை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. முடிவெட்டப் போன இடத்தில் கிடைத்தது. பாரிஸின் லூயி-பிளாங் தெருச் சலூனில் என் தலை ஒரு பக்கம் குறைந்து, மறுபக்கம் குறையாமல் இருந்த நேரம். பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார்: "வரியைப் பறிக்க வந்த மனிசிக்கே பொன்னாடை போர்த்துப்போட்டாங்கள், அண்ணை!"

நான் குலுங்கிச் சிரித்ததில் கத்தரி காதைத் தொட்டது. (அடையாளம் இன்னும் இருக்கிறது. இந்தக் கதையில் கற்பனை இல்லாதது அது ஒன்றுதான்.) மேற்கொண்டு கேட்பதற்குள் அவர் எழுந்து போய்விட்டார். ஆகவே மிச்சம் முழுவதும் என் சரக்கு.

2

முதல் தொடக்கம்: "லாச்சப்பலில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் நிரோஜினி தனியாக—"

வேண்டாம். பாரிஸ் என்றாலே என் பேனாவுக்குச் சளி பிடித்துவிடுகிறது.

இரண்டாம் தொடக்கம்: "உள்ளூராட்சி வரி வருவாயை மறுபங்கீடு செய்வது தொடர்பாக அரசு முன்வைத்துள்ள—"

இதற்குக் கலாவதி கொட்டாவி விட்டாள். கலாவதி என் மனைவி. என் கதைகளின் முதல் வாசகி. பல கதைகளுக்குக் கடைசி வாசகியும் அவள்தான்.

"ஆருக்கு என்ன பிரச்சினை எண்டு முதல் சொல்லுங்கோ. வரியைப் பிறகு பாப்பம்."

3

பிரச்சினை துஷ்யந்திக்கு. வன்னியிலிருந்து வந்தவள். அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறாள்; கணவன் ஒரு ரெஸ்டோரண்டின் சமையலறையில் வேலை. ஏழு மணிக்கு முன்னால் இருவராலும் மகளைப் பள்ளியிலிருந்து எடுக்க முடியாது. அதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பள்ளியின் மாலைக் காப்பகம். பாலும் பிஸ்கட்டும் கொடுத்து, வீட்டுப்பாடமும் செய்ய வைக்கிறார்கள்.

காப்பகத்தை நடத்துவது மெரி.* அவர்களுடைய ஊர் பாரிஸின் புறநகரான லா கூர்னெவுக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்ல மாட்டேன். அங்கே பெரிய பெரிய கிடங்குகள் இருப்பதால் கட்டட வரி நன்றாக வருகிறது. இப்போது அரசு ஒரு சீர்திருத்தம் கொண்டுவருகிறது (நான் உண்டாக்கிய அரசு, நான் உண்டாக்கிய சீர்திருத்தம்). இப்படிப்பட்ட ஊர்களின் வரியில் ஒரு பங்கை எடுத்து, வருமானம் இல்லாத ஊர்களின் பள்ளிகளுக்குக் கொடுக்கப்போகிறார்களாம். பங்கு போனால் காப்பகம் மூடப்படும்.

"மூடினால் நான் வேலையை விடவேணும், தங்கச்சி," என்றாள் துஷ்யந்தி.

"விடமாட்டம் அக்கா. நான் பொறுப்பு," என்றாள் நிரோஜினி.

நிரோஜினிதான் நம் நாயகி. பக்கத்துப் பொபினியில் பிறந்தவள், அந்த மெரியில் பள்ளிகளுக்குப் பொறுப்பான துணை மேயர். கோபம் வந்தால் பிரெஞ்சிலும், வாக்குக் கொடுக்கும்போது தமிழிலும் பேசுவாள். கொடுத்த வாக்கை மறுநாளும் ஞாபகம் வைத்திருக்கிற அரசியல்வாதி. ("இப்பிடியும் ஒரு ஆள் இருக்குமே?" என்று கலாவதி ஓரத்தில் எழுதியிருக்கிறாள். எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அவளை எனக்குப் பிடித்துவிட்டது, இருக்கட்டும்.)

* நகரசபை. இந்த நகரத்தில் தமிழர் முதலில் படிக்கும் பிரெஞ்சுச் சொற்களில் ஒன்று. பத்திர அலுவல் எல்லாம் அங்கேதான்.

4

சீர்திருத்தம் பற்றி மக்களின் கருத்தைக் கேட்க ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார் மர்கரீத் என்ற அரச அதிகாரி. அவர் முன்னால் தமிழ்ப் பெற்றோர் திரண்டு நின்று கொதிக்க வேண்டும் என்பது நிரோஜினியின் திட்டம். அதற்கு ஆள் சேர்க்க, அவளுடைய ஊரில் குடியிருந்து பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் சாப்பாட்டுக் கடை நடத்தும் மார்க்கண்டுவிடம் போனாள்.

"ஊரிலை வைச்சால் ஒருத்தரும் வராயினம், பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இஞ்சை சாமான் வாங்க வருவினம். என்ரை கடையின்ரை பின் ஹோலிலை வைப்பம். கூட்ட ஒழுங்கெல்லாம் நான் பாக்கிறன்."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் நிரோஜினி பயந்திருக்க வேண்டும். பிரான்சில் பிறந்தவள், பயப்படவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை கடையின் பின்மண்டபத்துக்குள் நுழைந்த நிரோஜினி சுற்றிப் பார்த்தாள். வாசலில் குத்துவிளக்கு. மேடையில் பூமாலை, மைக், பட்டுத்துணி விரித்த மேசை. பின்னால் பதாகை: "பிரதம விருந்தினர்: திருமதி மர்கரீத்."

"மாமா! அவ எங்கடை காசை எடுக்க வாற ஆள்!"

"அது தெரியும், பிள்ளை. அதுக்காக, வெளியிலையிருந்து வாற ஆளை மாலை போடாமல் எப்பிடி மேடையிலை ஏத்துறது?"

மர்கரீத் விளக்கேற்றினார். வரவேற்புரை நீண்டது. சிற்றுண்டியாக ரோல்ஸ் பரிமாறப்பட்டது, இரண்டாவதை அவரே கேட்டு வாங்கினார். பிறகு மார்க்கண்டு பொன்னாடையைப் பிரித்து அவர் தோளில் போர்த்த, சபை எழுந்து நின்று கைதட்டியது. கொதிக்க வந்த ஒருவரும் கொதிக்கவில்லை. நிரோஜினிக்கு அழுகையே வந்துவிட்டது. துஷ்யந்தியின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

அதிகாரி கைகூப்பி விடைபெறப் பார்த்தார். மார்க்கண்டு விடவில்லை.

"பொன்னாடை போர்த்தினால் ஏற்புரை சொல்லவேணும், மதாம். அதுதான் முறை. சொல்லாமல் ஒருத்தரும் இறங்கிப் போனதில்லை."

அப்போது துஷ்யந்தி எழுந்தாள். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், நிதானமாகக் கேட்டாள்.

"மதாம், எனக்கு வேலை முடிய ஏழு மணியாகும். நீங்கள் காசை எடுத்தால், அதுவரைக்கும் என்ரை பிள்ளை எங்கை நிக்கும்? ஏற்புரையிலை இதையும் சொல்லுங்கோ."

மாலையும் பொன்னாடையுமாக மர்கரீத்தால் எங்கும் நழுவ முடியாது. நிரோஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு மார்க்கண்டுவைப் பார்த்தாள். அவர் பதாகையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

6

இனி முடிவு.

அ) மர்கரீத் மனம் உருகிச் சீர்திருத்தத்தைக் கைவிடுகிறார். ("பொன்னாடைக்கு மாறுற அரசாங்கம் எண்டால் எங்கடை ஆக்கள் எப்பவோ மாத்தியிருப்பினம்," என்றாள் கலாவதி.)

ஆ) சீர்திருத்தம் வருகிறது. துஷ்யந்தி வேலையை விட்டுவிட்டு மகளோடு—

இதை எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

இ) "அந்தக் காசு எந்த ஊருக்குப் போகுது எண்டு நீங்கள் எழுதவே இல்லையே?" என்றாள் கலாவதி.

ஆமாம், எழுதவில்லை. நாங்கள் இப்போது குடியிருக்கும் ஊருக்குத்தான் போகிறது. எங்கள் ஊரில் கிடங்கும் இல்லை, வரியும் இல்லை. என் மகனின் வகுப்பில் ஹீற்றர் பழுதாகி இரண்டாவது குளிர்காலம். பிள்ளைகள் ஜாக்கெட்டைக் கழற்றாமலே படிக்கிறார்கள். அந்தப் பணம் வந்தால் எனக்குச் சந்தோஷம், பெரிய சந்தோஷம். துஷ்யந்தியைப் படைத்ததும் நான்தான். அவளுடைய பிள்ளையும் ஏழு மணி வரை எங்கேயாவது நிற்க வேண்டும். இந்த முடிவை நான் எழுதினால் என் கை ஒரு பக்கம் சாயும்.

உங்கள் கை சாயாது என்று நம்புகிறேன்; மர்கரீத்தின் ஏற்புரையை நீங்களே எழுதுங்கள். நாளைக்குத் திங்கட்கிழமை. துஷ்யந்திக்கு வேலை இருக்கிறது. என் மகனுக்கு அதே குளிரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. நிரோஜினி முன்வரிசையில் மூச்சைப் பிடித்தபடி இருக்கிறாள். மர்கரீத் பொன்னாடையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மைக்கை ஒரு தடவை தட்டிப் பார்க்கிறார். மைக் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

சொல்லுங்கள்.