இன்னும் ஒரு குழி

1973 ஏப்ரலில் ஒரு காலை, வத்சலாவும் அசோகனும் தெற்கு ஜெர்மனியின் ஆல்கொய் மலையில் பனியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இருவரும் கார்ல்ஸ்ரூஹேயில் நீரியல் ஆராய்ச்சி மாணவர்கள். வசந்தத்தில் உருகும் பனியில் எவ்வளவு தண்ணீர் தேறும் என்று அளப்பது அவர்கள் வேலை.

முந்தைய இரவு வானம் மூடியே கிடந்ததால் பனி இறுகவில்லை. ஒன்பதரைக்கே வத்சலாவின் கால் முழங்கால்வரை புதைந்தது. குழியின் சுவரில் எங்கே வெப்பமானியைச் செருகினாலும் பூஜ்யம் காட்டியது. அடிவரை ஈரம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். வெயில் ஏறினால் அந்தப் பனி மொத்தமாக வழுக்கிவிடும்.

"போதும் அசோகன், கீழே இறங்கிடலாம்."

"இன்னும் ஒரு குழிதான் வத்சலா. பத்து நிமிஷம். இல்லேன்னா அளவு டேபிள்ல ஓட்டை விழும். மறுபடி யார் ஏறி வர்றது?"

அவள் சரிவை அண்ணாந்து பார்த்தாள். மேலிருந்து சின்னச் சின்னப் பனியுருண்டைகள் தாமாகவே உருண்டு வந்தன.

"சரி" என்றாள்.

அசோகன் சரிவின் நடுவுக்குப் போனான். அவள் பாறையோரம் நின்று குறிப்பேட்டை மூடினாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். அவனுக்கு மேலே பனியில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. பிறகு மலையே நகர்ந்த மாதிரி இருந்தது. அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அப்புறம் அவனைக் காணோம்.

எல்லாம் அடங்கியதும் அவள் மணி பார்த்தாள். பத்து மணி பன்னிரண்டு நிமிஷம். அலறவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை. புதைந்தால் அடையாளம் தெரிவதற்காக இருவரும் இடுப்பில் நீளமான சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். அதைத் தேடிக்கொண்டு கட்டிகளின்மேல் நடந்தாள். ஒரு முழக் கயிறு வெளியே தெரிந்தது. மண்வெட்டியால் தோண்டினாள். நின்றுபோன பனி சிமென்ட் போலக் கெட்டித்திருந்தது. கீழே மலையேறிகள் தங்கும் குடிலை நடத்திய ஹூபரும் சத்தம் கேட்டு ஏறி வந்து சேர்ந்து தோண்டினார். பத்து முப்பத்தைந்துக்கு அசோகனின் முகம் வெளிப்பட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஹூபர் வாயிலிருந்த பனியைத் துழாவி எடுத்ததும் இருமினான்.

"உயிர் இருக்கிறது!" என்று ஹூபர் ஜெர்மனில் கத்தினார். வத்சலா தலையை ஆட்டிவிட்டு, அவன் கால்களைத் தோண்டத் தொடங்கினாள்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு வலது தொடை எலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். மறுநாள் அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரொம்ப பயந்துட்டீங்களா?" என்று கேட்டான்.

"இல்ல."

அது உண்மைதான். சந்தோஷமும் வரவில்லை. செவிலி கொடுத்த சூப்பைக் குடித்தாள். சூடு தெரிந்தது, ருசி தெரியவில்லை.

"நான் சரின்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றாள்.

"நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன்."

அவன் போயிருக்க மாட்டான் என்று இருவருக்கும் தெரியும்.

ஜூனில் அவன் ஊன்றுகோலோடு ஆய்வகத்துக்கு வந்தான். "அடுத்த வருஷமும் சேர்ந்தே போலாம்" என்றான்.

"வேண்டாம். உங்ககிட்ட எனக்கு முடியாதுன்னு சொல்ல வரல. அப்படிப்பட்டவ உங்ககூட மலை ஏறக் கூடாது."

அதற்குப்பிறகு இருவரும் வேலையைப்பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வசந்தத்தில் அவள் பேராசிரியரோடு அதே சரிவில் ஏறினாள். ஒன்பது மணிக்கே கால் பனியில் புதைந்தது. "இறங்கலாம்" என்றாள். இன்னும் இரண்டு அளவுகள் பாக்கி என்றார் அவர். அவள் வாதாடவில்லை. பனிச்சறுக்குக் கட்டைகளைத் திருப்பி இறங்கத் தொடங்கினாள். முணுமுணுத்துக்கொண்டே அவரும் பின்னால் வந்தார்.

அன்று அந்தச் சரிவு அசையவே இல்லை. குடிலின் வாசலில் உட்கார்ந்து மத்தியானம்வரை அதையே பார்த்திருந்தாள். ஹூபர் காபி கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிய கை நடுங்கி, காபி மடியில் சிந்தியது. ஒரு வருடமாக நடுங்காத கை. யாருடையதோ போல அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.