கம்யூனிகேட்டரில் இருந்தவை

காலை ஒன்பது இருபது. வெனிங் பழைய போனின் விசைகளுக்கு நடுவே பல்குச்சியால் சுரண்டினாள். பழுப்பாக, பிசுபிசுவென்று வந்தது. பத்து வருடத்துப் பாடாங் கறி எண்ணெய். அவள் வேலைபார்க்கும் வக்கீல் ஹுத்தாசொயிட் சாப்பிட்ட கையோடு தட்டுகிறவர். காகிதத்தில் துடைத்துவிட்டு விரலை முகர்ந்தாள். போகவில்லை.

அந்தப் போன் செங்கல் கனத்துக்கு ஒரு கம்யூனிகேட்டர். ஜகார்த்தாவில் ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் கூட்டத்தில் உட்கார்ந்ததும் முதலில் இதைத்தான் மேசைமேல் வைப்பார்கள். பிறகு திறந்து, எல்லோரும் பார்க்க இரண்டு வரி தட்டுவார்கள். இதன் மென்பொருளைச் செய்தவர்களே அதைக் கைவிட்டுப் பல வருடங்கள். புதுப் போனுக்குப் பெயர்களை மாற்றித்தர ரோக்ஸி போன் கடைகளில் ஆளில்லை. ஆயிரத்து நூறு பெயர்களையும் அவளே பார்த்துப் பார்த்துப் புதுப் போனில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் முடியலியா வெனிங்? இதுக்குள்ள ஒரு பிள்ளையே பெத்திருக்கலாம்." ஹுத்தாசொயிட் உள்ளேயிருந்து கேட்டார்.

"எஸ் எழுத்துல இருக்கேன், பாக்." அங்கே 'ஐயா'வுக்குப் 'பாக்'.

"கோல்ஃப் ஆளுங்கள விட்டுடாத. செத்தவங்கள விட்டுடு. அப்புறம் அந்தப் பொட்டியத் தூக்கிக் குப்பையில போடு. செஞ்சவனே அதப் பொதச்சாச்சு, இனிமே எவன் படிக்கப்போறான்."

சுசிலோவுக்கு இரண்டு எண்கள். எது சரியென்று பார்க்கக் கம்யூனிகேட்டரிலேயே இருந்த வக்கீலின் நாட்குறிப்பில் தேடினாள்.

2008 மார்ச் 11. 'சுசிலோவுடன் மதியச் சாப்பாடு. மருண்டா நிலம். நாளை இரண்டாம் சாட்சி வரக்கூடாது. ஒப்புக்கொண்டேன்.'

சுசிலோ அந்த நிலத்தைப் பிடுங்கிய கம்பெனியின் இயக்குநர். ஹுத்தாசொயிட்டோ அங்கே குடியிருந்தவர்களின் வக்கீல். இரண்டாம் சாட்சி அவளுடைய அண்ணன். விசாரணை தள்ளிப்போய்விட்டது என்று, வக்கீல் சொல்லச் சொன்னபடி, அன்று சாயங்காலம் அவனுக்குப் போன் செய்து சொன்னவள் அவளேதான். நீதிமன்றத்தில் ஏதோ குழப்பம் என்று வக்கீல் பிறகு சொன்னார். நம்பினாள். அண்ணனின் வீடு போயிற்று. எட்டு வருடமாக அண்ணன் அவளோடு பேசுவதில்லை. அவளோ எட்டு வருடமாக இந்த எண்ணெயைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள்.

 பல்குச்சியைக் கீழே போட்டாள்.

தன் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தாள். தேதியும் தெரியும்படி இன்னொரு முறை. பிறகு பட்டியலுக்குத் திரும்பி, சுசிலோவை அடித்து முடித்தாள். அடுத்த பெயர் தார்ஜோ. மருண்டா. அண்ணனின் பழைய எண்.

பின்னால் மாட்டுக்கறி வாசனை. ஹுத்தாசொயிட் கம்யூனிகேட்டருக்காகக் கையை நீட்டினார். விரல்கள் மினுமினுத்தன.

"போதும், குடு, நானே தூக்கிப் போடுறேன். மிச்சத்துல தேறுறவன் எவனாச்சும் இருக்கானா?"