இரண்டு கதவுக் காரில் பொன்

1

"பின்னாடி உக்காந்தவங்க எப்படி வெளிய வருவாங்க? மறுபடியும் பொறக்கணுமா?"

கேட்டவள் லிஸ்மாரி. முதல் வகுப்பு படிக்கிறாள். கேட்ட இடம், எங்கள் காயெய் ஊரில் உள்ள கார் விற்பனைக் கூடம். எதிரே நின்றது இரண்டே கதவுள்ள ஒரு சிவப்புக் கார். இந்தக் கதை பிறந்தது அந்தக் கேள்வியில்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்போது நான் அங்கே இல்லை. நொயெமி சொல்லித்தான் கேட்டேன். லிஸ்மாரியிடம் விசாரித்தால், "நான் அப்படிக் கேக்கவே இல்ல" என்கிறாள். ஆகையால் எழுதிவிடலாம்.

[முதலில் வேறு மாதிரித் தொடங்கினேன்: "காயெய் மலைமேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில்..." அடித்துவிட்டேன். பனிக்குக் கார் வாங்கும் உத்தேசம் இல்லை.]

2

வாங்கப்போகிறவள் நொயெமி சிந்த்ரோன். மலைக்குக் கீழே காகுவாஸ் நகரத்தில், கண்ணாடிக் கடையில் மற்றவர்கள் மூக்குக்குக் கண்ணாடி பொருத்துகிறவள். அவள் இதுவரை ஓட்டிய கார் எதுவும் அவள் தேர்ந்தெடுத்தது அல்ல. முதல் கார் அண்ணன் கழித்தது. அடுத்தது அண்ணியின் தம்பி கழித்தது. இப்போது இருமிக்கொண்டிருப்பது பங்குச் சாமியார் கழித்தது. கண்ணாடியில் அவர் ஒட்டிய புனிதர் படத்தைச் சுரண்டவும் முடியாது, சுரண்டினால் பாவமோ என்ற பயமும் உண்டு. வாழ்க்கையில் முதன்முறையாகப் புதுக் கார். அவளே பார்த்து, அவளே விரலை நீட்டி, "இது" என்று சொல்லப்போகிற கார்.

கூடத்தில் இரண்டு நின்றன. ஒரே கம்பெனி, ஒரே எஞ்சின், மிதித்தால் ஒரே உறுமல். ஒன்று நான்கு கதவு செடான். மற்றது இரண்டு கதவு கூப்பே. கூப்பேயின் கூரை குனிந்திருந்தது, யாரோ காதில் ரகசியம் சொல்வதற்குக் குனிந்த மாதிரி. அதன் இருக்கையில் உட்கார்ந்ததும் அது அவளைக் கட்டிக்கொண்டது. நொயெமியைக் கார் கட்டிக்கொண்டது அதுவே முதல் தடவை.

உடனே வாங்கியிருப்பாள். ஆனால் பொன் இருக்கிறதே?

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: புவெர்த்தோ ரீக்கோவில் நாங்கள் 'பொன்' என்றால் தங்கம் அல்ல. போகிற வழியில் ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது. "எனக்கு ஒரு பொன் குடேன்" என்று தெருவில் கேட்டால் யாரும் போலீசைக் கூப்பிடமாட்டார்கள். ஏறச் சொல்வார்கள்.)

நொயெமி தினமும் மூன்று பேருக்குப் பொன் கொடுக்கிறாள். ஒன்று, சுல்மா. காகுவாஸ் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. அவளுடைய ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்கு ஊர் வேன்காரர்கள் இன்னும் பல்கூடத் துலக்கியிருக்கமாட்டார்கள். நொயெமி இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை. சுல்மாவுக்கு முழங்கால் மடங்காது, நாக்கு நன்றாக மடங்கும். இரண்டு, சுல்மாவின் மகள் லிஸ்மாரி. பள்ளிக்கூடம் அதே வழியில். மூன்று, டோன் எலெயுத்தேரியோ ('டோன்' என்பது பெரியவர்களுக்கு இங்கே கொடுக்கும் மரியாதை). ஓய்வுபெற்ற தபால்காரர். தினமும் காகுவாஸுக்குப் போய்த் தன் தங்கையோடு சண்டை போட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுத் திரும்புகிறவர்.

3

விற்பனைக்காரன் லெயாந்த்ரோ. நல்ல பிள்ளை. அர்ஜென்டினாக்காரன், இந்தத் தீவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதுதான் வினை.

நொயெமி கூப்பேயைத் தடவிக்கொண்டே கேட்டாள். "தம்பி, இதுல பொன் குடுக்க முடியுமா?"

அவனுக்குத் தெரிந்த ஸ்பானிஷில் 'பொன்' என்றால் 'வை' என்று மட்டும்தான் பொருள். காரில் வைக்கிற ஏதோ சாமான் போல என்று எடுத்துக்கொண்டான். தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் விற்பனைக்காரன் இல்லையே.

"இந்த மாடல்ல வராதுங்க. ஆனா தனியா வரவழைச்சுக் குடுத்துருவோம்."

"எதை?"

"பொன்னைத்தான்."

மற்ற இருவரோடும் கூடவே வந்திருந்த சுல்மா முன்னால் வந்தாள். "எங்கேருந்து வரும் தம்பி?"

"கப்பல்ல வரும்க்கா. கொஞ்ச நாளாகும். வந்ததும் மாட்டிரலாம்."

"எத்தனை பேரு வரும்?"

அவன் விலைப்பட்டியலைப் புரட்டினான். "ரெண்டா வாங்கினா சல்லிசு."

சுல்மா சிரித்த சிரிப்பில் கூடத்துக் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. டோன் எலெயுத்தேரியோ தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "புள்ள, இத்தனை வருசமா நான் ஓசியில போறேன்னு நெனச்சேன். பாரேன், நான் கப்பல்ல வர்ற உயர்ந்த ரகம்!"

[தமிழில் எழுதுகிற எனக்கு இந்த இடத்தில் தலைகால் புரியாத சந்தோஷம். கப்பலில் பொன் வருகிறது! இதைக் கடந்து அடுத்த பகுதிக்குப் போக எனக்கு மனமே இல்லை.]

4

கூப்பேயை ஓட்டிப் பார்க்க எல்லோருமே ஏறினார்கள். லெயாந்த்ரோ பாவம், சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழே நின்றுகொண்டான். முன்னால் சுல்மா, முழங்காலை நீட்டிக்கொண்டு. பின்னால் லிஸ்மாரியும் டோன் எலெயுத்தேரியோவும். அவர் பெயரே அந்தப் பின் இருக்கையில் பாதிதான் அடங்கும்.

போனது நன்றாகத்தான் போனது. இங்கே வேகத்தடைக்கு 'செத்தவன்' என்று பெயர். ஒவ்வொரு செத்தவன் மேலும் கூப்பேயின் வயிறு உரசியது. உரசும்போதெல்லாம் டோன் சிலுவை போட்டுக்கொண்டார். "அவன் ஆன்மா சாந்தியடையட்டும்." வளைவுகளில் நொயெமி பாட்டாகவே பாடினாள்.

திரும்பி வந்து நின்றார்கள். லிஸ்மாரி மீன் மாதிரி நழுவி வெளியே வந்தாள். டோன் வரவில்லை.

"டோன், மொதல்ல தலைய விடுங்க!"

"தலை வந்துருச்சு புள்ள. மத்ததெல்லாம் யோசிக்குது."

அந்த நேரம் பார்த்து அவர் தங்கை போன் செய்தாள். ஏன் இன்னும் சண்டைக்கு வரவில்லை என்று கேட்டிருப்பாள் போலும். அவர் சொன்னார்: "பொறந்துக்கிட்டு இருக்கேன். அப்புறம் பேசு."

அவரை வெளியே எடுக்க நான் எழுதிப் பார்த்த வாக்கியங்கள்:

"அவர் தம் வலது காலைத் தூக்கி—" முடியாது, அது இடது காலுக்கு அடியில் இருந்தது.

"சுல்மா அவருடைய கையைப் பிடித்து இழுக்க, அவர்—" சுல்மாவின் முழங்காலை மறந்துவிட்டேன்.

"திடீரென்று—" கூடாது. 'திடீரென்று' என்பது எழுதுகிறவர்கள் தப்பித்து ஓடுகிற பின்வாசல். இந்தக் காருக்குப் பின்வாசல் கிடையாது.

ஆகவே வாசகர்களே, இப்போதைக்கு அவர் அங்கேயே இருக்கட்டும்.

5

அவர் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நாம் கொஞ்சம் யோசிக்கலாம்.

சிறுகதையும் இரண்டு கதவு வண்டிதான். எழுதுகிறவளும் ஒரே ஒரு பாத்திரமும் முன்னால் உட்கார்ந்து பறக்கலாம். பறப்பதற்கென்றே செய்தது. பின்னால் இன்னும் இரண்டு பேரை ஏற்றினால் வளைவில் வண்டி கனக்கும். ஒரு நண்பர் இதைப் படித்துவிட்டு, "அந்தக் கிழவரை எடுத்துடுங்க, கதை வேகமா ஓடும்" என்றார். எடுத்துப் பார்த்தேன். ஓடியது. ஆனால் நொயெமி தேர்ந்தெடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை; சிவப்பு நல்ல நிறம் என்பதோடு கதை முடிந்துபோயிற்று. திரும்ப ஏற்றிக்கொண்டேன். ஏற்றுவது சுலபம், இறக்குவதுதான்—

சரி, இறக்கிவிடுகிறேன். நொயெமி முன் இருக்கையை மடக்கினாள். தரையில் முட்டி போட்டாள். அவருடைய ஷூவைக் கழற்றி, அந்தப் பழைய தபால்காரப் பாதத்தை இரண்டு கையாலும் ஏந்தி, வாசற்படியில் மெல்ல வைத்தாள். பிறகு மற்றதையும். அவசரமே படவில்லை. டோன் எலெயுத்தேரியோ வெளியே வந்து நின்று, நொயெமியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். 

6

பிறகு எல்லோரும் செடானில் ஏறினார்கள். நான்கு கதவும் திறந்தன, மூடின. முழங்கால், தொப்பி, புத்தகப்பை எல்லாம் தத்தம் இடத்தில் அடங்கின. டிக்கியில் ஒரு வாழைத்தார் படுத்துத் தூங்கலாம். அதுவும் அதே எஞ்சின், அதே உறுமல். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. நொயெமி மட்டும் பாடவில்லை.

சுல்மா அதைக் கவனித்தாள். இறங்கியதும், "ஏ புள்ள, உனக்குன்னு ஒரு தடவை வாங்கு" என்றாள்.

"உன்னை எங்க உக்கார வைக்கிறது?"

"டிக்கியில."

"டோனை?"

"அவரைக் கப்பல்ல அனுப்பு."

"விளையாடாத சுல்மா. அஞ்சு நிமிசம் லேட்டானா உன் மேஸ்திரி குதிப்பான். தினம் அவரைப் பின்னாடியிருந்து பொறக்க வச்சுட்டு உன்னை எப்பக் கொண்டுபோய் விடுறது?"

அன்று மாலை நொயெமி கோயிலுக்குப் போனாள். முன்வரிசையில் ஒருத்தி மகனின் நோய்க்காக அழுது ஜெபித்துக்கொண்டிருந்தாள். கார்க் கதவைப் பற்றி ஆண்டவரிடம் கேட்க நொயெமிக்குக் கூச்சமாக இருந்தது. அந்தப் பெண்ணின் மகனுக்காக ஜெபித்துவிட்டு எழுந்து வந்தாள். வரும் வழியில் லெயாந்த்ரோவுக்குச் செய்தி அனுப்பினாள்: திங்கட்கிழமை சொல்கிறேன்.

7

திங்கட்கிழமை காலை, பழைய கார் இருமிக்கொண்டே மலையிறங்கும்போது, சுல்மா ஒரே திட்டாகத் திட்டினாள்.

"கேட்டியா அநியாயத்தை? என் ஷிப்ட்டை மாத்திட்டாங்க, பாவிங்க! அடுத்த வாரத்துலேருந்து தாமசமாத்தான் வரணுமாம். நானும் லிஸ்மாரியும் இனிமே வேன்லதான் போகணும்."

"நெசமாவா?"

"பின்ன? வேன்ல ஏசி இருக்காம். உன் வண்டியில சாமியார் மூச்சு மட்டுந்தான் இருக்கு."

பின்னாலிருந்து டோன், "வேன்ல நானும் வருவேன். டிரைவர் எப்பவும் எதுத்துப் பேசுவான். தங்கச்சிகிட்டப் போறதுக்கு முன்னாடி எனக்கும் பழக்கம் வேணும்ல" என்றார்.

நொயெமி வண்டியை ஓரமாக நிறுத்தினாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. இப்போது யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. எந்தக் காரை வேண்டுமானாலும் வாங்கலாம். அன்று மதியம் கூடத்துக்குப் போய், விரலை நீட்டி, "இது" என்றாள்.

எது?

முடிவு அ: கூப்பே. மலைவளைவுகளில் அவள் பாடுவது வேனில் போகிறவர்களுக்கே கேட்கிறது. லிஸ்மாரி ஜன்னலில் முகத்தை ஒட்டி, "தித்தி! தித்தி நொயெமி!" என்று கத்துகிறாள். (சித்தியைத்தான் இங்கே பிள்ளைகள் அப்படிக் கூப்பிடுவார்கள். ஒரே ஓர் எழுத்துதான் கடல் தாண்டும்போது மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.)

முடிவு ஆ: செடான். வேன் நிறுத்தத்தில் அவர்களுக்கு முன்னால் வந்து நிற்கிறது. "ஏறுங்க. எனக்கும் கடையில நேரம் மாத்திட்டாங்க" என்கிறாள் நொயெமி. யாரும் மாற்றவில்லை.

முடிவு இ: "பழைய காரை அணைத்துக்கொண்டு அவள்—" இல்லை. இதை எழுதியவுடன் எனக்கே கோபம் வந்தது. அவளுக்குப் புதுக் கார் வேண்டும்.

அ, ஆ இரண்டில் உங்களுக்கு எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். ஆனால் சொல்லமாட்டேன், வீம்பினால் அல்ல, காரணம் இருக்கிறது.

8

சுல்மாவின் ஷிப்ட்டை யாரும் மாற்றவில்லை.

சலவைக்கூடத்துக்குப் போகும் நடையில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு வேலை நேரத்துக்கும் ஒரு வரிசை ஆணி. வேலை செய்கிறவர்களின் பெயர்த் தகடுகள் அவற்றில் தொங்கும். காலி ஆணி இருந்தால் அவரவரே தகட்டை மாற்றி மாட்டி, அடுத்த வாரத்து ஷிப்ட்டை மாற்றிக்கொள்ளலாம். காலை வரிசையில் இடம் கிடைப்பது அபூர்வம். தாமத வரிசையில் எப்போதும் ஆணிகள் காலி. இஸ்திரி இயந்திரங்கள் எல்லாம் கொதித்துக்கொண்டிருக்கும் நேரம் அது, விரும்பி யாரும் வரமாட்டார்கள்.

லிஸ்மாரி பிறக்க இருந்த நாளில், வலி எடுத்த சுல்மாவைச் சாமியாரின் காரில் ஏற்றி, ஒவ்வொரு வேகத்தடையிலும் நின்று நின்று, குலுங்காமல் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நொயெமி. அதை நொயெமி மறந்துவிட்டாள். சுல்மா அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

சுல்மா சொன்னது பொய்தான். பொய் பாவம் என்று நம்புகிறவள் நான். இந்த ஒன்றை மட்டும் ஆண்டவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். எந்தக் கார் என்று நான் சொல்லிவிட்டால், சுல்மா செய்தது பலித்தது என்றோ வீணாயிற்று என்றோ நீங்கள் அதை வைத்து அளந்துவிடுவீர்கள். அவள் கொடுத்தது காரை அல்ல. நொயெமி எவர் முகத்தையும் பார்க்காமல் விரலை நீட்டலாம் என்பதை.

அந்த வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை, சுல்மாவுக்கு முறைவேலை. நடையில் யாரும் இல்லை. (நான் பார்த்ததாகக் கொள்ளாதீர்கள், எழுதத்தான் செய்தேன்.) சுல்மா தன் பெயர்த் தகட்டைக் காலை வரிசையிலிருந்து கழற்றினாள். பாவாடையில் துடைத்தாள். கீழ் வரிசை ஆணிக்கு எட்டுவதற்கு, மடங்காத முழங்காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி குனிந்து மாட்டினாள். தகடு ஆடியது. ஆட்டம் நிற்கும்வரை ஒரு விரலால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய் ஈரத் துணிகளை உதறத் தொடங்கினாள்.