தட்டில் வளர்ந்தது

அன்று அக்கா கேட்டதற்கு நான் பதில் சொன்னேனா என்பது இப்போது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. சொன்னதாக எனக்கு நினைவு. நான் வாயே திறக்கவில்லை என்கிறாள் அவள்.

அக்கா, பிரசவ ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ். நான் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லேப் டெக்னீஷியன். குழந்தைகளுக்கு அடுத்தடுத்துத் தோலில் சீழ்க்கொப்புளங்கள் வந்தன. வார்டில் வேலை செய்யும் யாரிடமிருந்தோ கிருமி வருகிறது என்றார் டாக்டர். எல்லார் கண்ணும் தரை துடைக்கும் ஆயாவின் மேல் போயிற்று. "நீங்க வராண்டாவிலேயே இருங்க," என்று அக்கா அவளை வெளியே நிறுத்தினாள்.

டாக்டர் சொன்னபடி, லேபில் கிருமி வளர்க்கும் தட்டுகளில் தேய்த்துப் பார்ப்பதற்காக எல்லார் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தேன்.

"எங்க மூக்கை அறுக்காம விடமாட்டீங்க போல," என்றாள் ஆயா.

"ஆடாம இருங்க. தும்மினா என் மேலதான்."

அக்கா தானாகவே முகத்தை நீட்டினாள். "எனக்கு எதுக்குடி? சரி, கணக்குக்கு எடுத்துக்க."

கை கழுவுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கழுவிய கையால்தான், சரியும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குழந்தையைத் தூக்குவாள். அதை யாரும் கவனித்ததில்லை, நான் உட்பட.

ஆயாவின் தட்டில் எல்லார் மூக்கிலும் சாதாரணமாக இருப்பவைதான் வளர்ந்திருந்தன. அக்காவின் தட்டில், குச்சி தேய்த்த கோடு நெடுக மஞ்சள் பொட்டுகள். கொப்புளச் சீழிலிருந்து வளர்த்ததும் அதே மஞ்சள். எந்த மருந்துக்குச் சாகும் என்று தட்டில் மருந்து வில்லைகளை வைத்துப் பார்த்தபோதும் இரண்டும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டன. ஒவ்வொரு பொட்டிலும் கோடிக்கணக்கான உயிர்கள். அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவழைக்காமல் அவளுக்குள் குடியிருந்தவை.

அக்கா கீழே வந்து கதவைச் சாத்தினாள்.

"தட்டு மாறியிருக்குமோ?"

"இல்லக்கா. திரும்பவும் செஞ்சு பார்த்துட்டேன்."

"மூக்குல களிம்பு போட்டா போயிடும்ல? டாக்டர்கிட்ட எம் பேரை மட்டும் சொல்லாதடி. அந்த ஆயாவை நான் வெளில நிக்க வெச்சிருக்கேன்."

இங்கேதான் என் நினைவு தடுமாறுகிறது. 'குழந்தைங்க இருக்காங்கக்கா' என்று மெதுவாகச் சொன்னதாக நம்பிவருகிறேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து மாடிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

வராண்டாவில் ஆயா வாளியருகே உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள போங்க," என்றாள் அக்கா. "என்கிட்டேர்ந்துதான் வந்திருக்கு. நான்தான் வெளில நிக்கணும்."

"விடுங்க சிஸ்டர். மூக்குன்னு இருந்தா நாலு பூச்சி இருக்கத்தான் செய்யும்."

திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். அந்த ஆறுதலில் அவள் கூனிக்குறுகிப் போனாள். அதை நின்று பார்த்ததற்காக எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. அவளே டாக்டரின் அறைக்குள் போனாள்.

களிம்பில் கிருமி போயிற்று. அடுத்த சோதனையில் அவள் தட்டில் மஞ்சள் இல்லை. குழந்தைகள் எல்லாரும் தேறி வீட்டுக்குப் போனார்கள். ஆயா அதே வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். டாக்டர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். நான் இன்னும் லேபில்தான் இருக்கிறேன். அக்கா மாற்றல் கேட்டு மருந்து ஸ்டோருக்குப் போனாள். எனக்கு மகள் பிறந்தபோது பார்க்க வந்தாள், தூக்கவில்லை.