4117-ஆம் கதவு

காலையிலிருந்து லேப் ரிப்போர்ட் ஒன்றுகூட மாடி வார்டுக்குப் போய்ச் சேரவில்லை. டாக்டர்கள் ரவுண்ட்ஸ் கிளம்பும் நேரம். மூன்றாம் மாடி நர்ஸம்மா போன் மேல் போன் போட்டு சர்வர் அக்காவின் உயிரை வாங்கினாள். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவள் என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அக்காவுக்கு அதுதான் பெயர்.

முந்தின நாள்தான் சர்வருக்குக் காவல் நிற்கும் பழைய ஃபயர்வாலைக் கழற்றிப் புதுசை மாட்டி, யாரை உள்ளே விடலாம் என்ற விதிகளைப் பழையதைப் பார்த்து வரி வரியாக அவளே ஏற்றியிருந்தாள். "நான் போட்டதுல தப்பு வராது. கேபிள்தான் போயிருக்கும்" என்று சாதித்துவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

நர்ஸம்மாவின் மேஜையில் லேப்டாப்பை வைத்து, அங்கிருந்தே சர்வரின் கதவுகளை, அதாவது போர்ட்டுகளை, தட்ட ஆரம்பித்தாள். 'இல்லை' என்று உடனே பதில் வந்தால்கூடத் தேவலை, எதிரே மிஷின் உயிரோடு இருக்கிறது. பதிலே வராமல் இழுத்துக்கொண்டே போனால்தான் வம்பு. கேபிளோ ஃபயர்வாலோ வழியில் முழுங்கிவிடுகிறது. ரிப்போர்ட்டுக்கான ஐந்து போர்ட்டும் இழுத்தன.

"பாத்தீங்களா, கேபிள்தான்!"

திரையில் இருந்த போர்ட் பட்டியலின் அடியில் 4117 என்று ஒன்று இருந்தது. இது என்ன சனியன் என்று அதையும் தட்டினாள். சட்டென்று திரையில் எழுத்து வந்தது.

'அக்கா, கேபிள் நல்லாத்தான் இருக்கு. தப்பு உன்னுது. டீ போடு!'

கொசு!

ஏழு வருஷம் கூட வேலை பார்த்த கேபிள்காரன். ஓயாமல் காதருகே தொணதொணத்ததால் அவள் வைத்த பெயர். கேபிள் அவன் பொறுப்பு, ஃபயர்வால் இவள் பொறுப்பு. எது படுத்தாலும் "உன்னுது, உன்னுது" என்று அடித்துக்கொள்வார்கள். அவன் மாடியிலிருந்து தட்டுவான். இவள் கீழே சர்வர் இருக்கும் குளிர் அறையில் நடுங்கிக்கொண்டே போனில் கத்துவாள். தப்பு யாருடையதோ அவர் டீ போட வேண்டும். சண்டை தீரட்டும் என்றுதான் எப்போதும் திறந்திருந்து, தட்டினால் இதே வரியைச் சொல்லும் இந்தக் கதவை சர்வரில் வைத்தான். இது பேசினால் கேபிளில் குறையில்லை. அடடா, என்ன நாட்கள்! அந்த ஆறிப்போன டீக்காகவே வேலைக்கு வந்த மாதிரி இருந்தது.

வேறு வேலை கிடைத்ததை எல்லோருக்கும் சொல்லிவிட்டு இவளுக்குக் கடைசியாகச் சொன்னான். "இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்று கத்திவிட்டாள். இரண்டு வருஷமாகிறது. அவன் எத்தனையோ தடவை கூப்பிட்டான், இவள் எடுக்கவில்லை. கொழுப்பு, வேறென்ன.

விதிகளைத் திறந்தாள். ஐந்து போர்ட்டுக்கும் சேர்த்து எழுதிய வரியில், வார்டின் முகவரியில் ஒரு எண் பிசகு. திருத்தியதும் ரிப்போர்ட்டுகள் மடமடவென்று வந்து விழுந்தன. நர்ஸம்மா "அப்பாடா" என்றாள்.

மிச்சம் 4117. ஆளில்லாத கதவை அன்றே மூட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். மூடுமுன் வைத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதும் அவள் சட்டம்தான். மூடிவிட்டால் அவன் பேச்சு என்று இங்கே ஒன்றுமே இருக்காது.

போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. நாம எடுக்கலையே, அவன் மட்டும் ஏன் எடுக்கணும் என்று வைக்கப் போனவளுக்கு, எடுத்த சத்தம் கேட்டது.

"கொசு, 4117-ஐ மூடணும்."

மூடும் பொத்தான்மேல் வைத்த விரலை எடுத்துவிட்டாள்.

"தப்பு என்னுதுடா. இன்னைக்கு மட்டும் இல்ல, அன்னைக்கும் என்னுதுதான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"அப்ப டீ போட்டியா அக்கா?"