பிறவிக் குறை

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மருமகளின் பின்னால் பஞ்சம்மாள் பூனை மாதிரி வந்து நின்றாள். இடப்பக்கம் குனிந்து, "ராஜாத்தி" என்று மெல்லக் கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. வலப்பக்கம் நகர்ந்து, "உங்க அய்யா வந்திருக்காக" என்றாள் அதே குரலில். ராஜாத்தி கைச் சாம்பலோடு எழுந்துவிட்டாள்.

"மத்ததெல்லாம் கேக்கல, அப்பன் வந்தது மட்டும் கேக்குதாக்கும்."

ராஜாத்தி அழவில்லை. "உங்க மகன் அடிச்ச நாள்லருந்து ஒரு காது இரைஞ்சுக்கிட்டே இருக்கு அத்த" என்றாள்.

"அடிச்சா கன்னம் வீங்கும். காது எப்பிடிடி போகும்? நாங்கல்லாம் அடி வாங்காமலா குடும்பம் நடத்துனோம்?"

மாமியார் அதை நடிப்பு என்றாள். மாமனார் சீனிச்சாமி, பெண் வீட்டார் மறைத்துக் கட்டிவைத்த பிறவிக் குறை என்றார். நடிப்பென்றால் உதை, குறையென்றால் வெள்ளிக்கிழமை மந்தையில் பஞ்சாயத்தைக் கூட்டித் தாலியை வாங்கிக்கொண்டு தீர்த்துவிடுவது. மகன் தவசிக்கு வேறு பெண்ணும் பார்த்தாயிற்று. எது நிஜமானாலும் நாசமாவது ராஜாத்திதான். அந்த வீட்டு நியாயம் அப்படி.

பஞ்சாயத்தில் காட்ட டாக்டர் சீட்டு இருந்தால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது என்று கணக்குப் போட்ட சீனிச்சாமி, மருமகளைப் பஞ்சம்மாளோடு சின்னமனூருக்கு வண்டி ஏற்றினார்.

டாக்டர் பொன்னுராஜ் நெற்றியில் கட்டிய கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி ராஜாத்தியின் காதுக்குள் பார்த்தார்.

"குறும்பி அடைக்கல. சீழும் இல்ல. காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை சாப்பிட்டாளா? அதுவும் காதை மந்தமாக்கும்."

"இல்லைங்கய்யா. பிறவிச் செவிடுதானே?"

"இல்லம்மா. உள்ள இருக்கிற சவ்வு கிழிஞ்சிருக்கு. கன்னத்துல ஓங்கி அறைஞ்சா காத்து அடைபட்டுக் கிழியும். வலது கைக்காரன் அறைஞ்சா இடது காதுதான் போகும்."

பஞ்சம்மாளுக்கு இப்போது டாக்டர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் முன்னாலேயே வந்து இவரைக் கைக்குள் போட்டுக்கொண்டார்களோ? புளுகுகிறாரா என்று பார்த்துவிடுவோம் என்று மோடாவில் தானே உட்கார்ந்தாள்.

"என் இடது காதையும் பாருங்க. எனக்கும் கேக்காது. ஆத்துல குளிக்கையில தண்ணி போயி அடைஞ்ச காது."

டாக்டர் அதிக நேரம் பார்த்தார்.

"இதுவும் கிழிஞ்சதுதான். ரொம்பப் பழசு. தண்ணி போச்சுன்னு யார் சொன்னாக?"

"எங்க மாமியா."

"அதுக்கு முன்னால யாரும் அடிச்சாகளா?"

தவசி வயிற்றில் இருந்த வருஷம், களத்துமேட்டுக்குக் கஞ்சி பிந்திப்போன அன்று விழுந்த அறை பஞ்சம்மாளுக்கு ஞாபகம் வந்தது. அன்று ராத்திரியெல்லாம் காதுக்குள் இரைந்ததும் ஞாபகம் வந்தது. இருபத்தைந்து வருஷமாக முல்லையாற்றின் மேல் பழியைப் போட்டிருந்தாள். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டு, வழி முழுவதும் மருமகளின் வலப்பக்கமே உட்கார்ந்து வந்தாள்.

வெள்ளிக்கிழமை மந்தையில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கோயில் சுவரோரம் நின்றார்கள். தவசி தலை நிமிராமல் தரையைக் கீறிக்கொண்டிருந்தான்.

"டாக்டரு பாத்தாச்சு நாட்டாமை. பிறவிக் குறைதான். சீட்டு எம்பொண்டாட்டி மடியில இருக்கு, வேணும்னா கூடப் போன இவளையே கேளுங்க" என்றார் சீனிச்சாமி.

பஞ்சம்மாள் முன்னால் வந்தாள். பஞ்சாயத்தில் அவள் வாயைத் திறந்து ஊர் பார்த்ததில்லை.

"குறை இருக்குதான் நாட்டாமை. அது பொண்ணு வீட்டுல இல்ல, எங்க வீட்டு ஆம்பளைக கையில இருக்கு. எம்மகன் அறைஞ்சதுல இவ காது போச்சு. இவுக அறைஞ்சதுல எங்காது போச்சு. இவளத் தீர்த்துவிடுறதா இருந்தா என்னையும் சேத்துத் தீர்த்துவிடுங்க."

"என்னடி சொன்ன?" என்று எழுந்தார் சீனிச்சாமி. இத்தனை வருஷப் பழக்கம், அத்தனை பேர் பார்த்திருக்க அவருடைய வலது கை தானாக ஓங்கியது.

பஞ்சம்மாள் விலகவில்லை. அவர் கையை இறக்கவும் தெரியாமல், அடிக்கவும் தெரியாமல் நின்றார்.

டாக்டர் சீட்டை வாசிக்கச் சொல்லி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.